கிழிந்த வாலும் மாணிக்கம் ஒட்டும்

போன மாதம் குமரேசன் போன் செய்தார். ஒரகடத்துப் பக்கம் நான் வேலை பார்த்த சிலிக்கான் ரப்பர் கம்பெனியில், நான் உட்கார்ந்த மேசையில் இப்போது உட்காருகிறவர் அவர்தான். "அண்ணே, புதுசா ஒரு பூங்காலேர்ந்து கடல்கன்னி வாலு வந்து கீதுண்ணே. துடுப்பு கிழிஞ்சி போச்சி. எப்டி ஒட்றதுன்னு உன்னாண்ட கேக்கச் சொன்னாங்க" என்றார். கேட்டுவிட்டுச் சிரிப்பை அடக்கினார். அது எனக்குப் போனிலேயே கேட்டது. அவர் ஏன் சிரித்தார் என்று எழுதினால்தான் எப்படி ஒட்டுவது என்பதும் முழுசாகப் புரியும். அதனால் இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன். நான் படித்தது ஏழாவது. எழுத்தில் தப்பு இருந்தால் நீங்களே திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

எனக்குச் சேரப்பணஞ்சேரி. பள்ளிக்கூடத்தை விட்டதும் அம்பத்தூரில் ஒரு ரப்பர் பட்டறையில் சேர்ந்தேன். அச்சிலிருந்து சுடச்சுட வரும் வாஷரின் ஓரப் பிசிறை நறுக்குவதுதான் முதல் வேலை. அப்புறம் கலவை, அப்புறம் அச்சு, அப்புறம் பிரஸ். இரண்டு விரல் நுனியில் சூடு தெரியாமல் போனபோது தொழில் தெரிந்துவிட்டது என்றார்கள். 2006இல் நம்ம பக்கமே கம்பெனிகள் வர ஆரம்பித்ததும், வீட்டிலிருந்து சைக்கிள் மிதிக்கிற தூரத்தில் வேலை கிடைத்தது. பெரிய கார் கம்பெனிக்குச் சாமான் கொடுக்கிறவர்களுக்குச் சாமான் கொடுக்கிற சின்னக் கம்பெனி. தகரக் கொட்டகை, இரண்டு பிரஸ், ஒரு வேக்குவம் டப்பா.

என் சுபாவத்தையும் சொல்லிவிட வேண்டும். வீட்டுக் கதவைப் பூட்டினேனா என்று சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷன் வரை போய்விட்டு ஷேர் ஆட்டோ பிடித்துத் திரும்பி வந்தவன் நான். பூட்டித்தான் இருந்தது. எப்போதும் பூட்டித்தான் இருக்கும். ரப்பர் வேலையில் இந்தச் சுபாவம் கெட்டதில்லை. கலவை கொஞ்சம் பிசகினாலும் சரக்கு முழுக்கக் குப்பை. பயப்படுகிறவனிடம் குப்பை குறையும்.

எங்கள் சூப்பர்வைசர் தயாளன் சார். அவரைப் பற்றி நிறைய சொல்லலாம். சத்தம் போட்டே நான் பார்த்ததில்லை. சட்டையில் மடிப்புக் கலையாது. எல்லாரையும் வாங்க போங்க என்றுதான் பேசுவார். ஆனால் அவர் எந்த உத்தரவையும் தன் வாயால் சொன்னதில்லை. நம்மிடம் ஏதாவது பிரச்னை என்று போனால், டீ கிளாசை மேசையில் வைத்துவிட்டுத் தலையைச் சாய்த்து, "நீங்களே சொல்லுங்க" என்பார். நாம் எதையாவது சொல்லுவோம். அவர் தலையாட்டுவார். அது சரியாக வந்தால் கம்பெனி செய்தது. தப்பாகப் போனால், அதே மெல்லிய குரலில், "நீங்கதானே சொன்னீங்க?" என்பார். அடித்தால்கூடத் தாங்கலாம். என்னைப் போன்ற பயந்த ஆளுக்கு இந்த ஒரு வாசகம் போதும், சோறு இறங்காது.

அவருக்கு இன்னொரு பழக்கம். சிலிக்கான் கலக்கும் அறைக்குள் போகிறவர்களின் கையை முகர்ந்து பார்ப்பார். நாங்கள் பயன்படுத்தின சிலிக்கான் இரண்டு மருந்தாக வரும். சமமாக நிறுத்துக் கலந்தால் இறுகும். ஆனால் கந்தகம் பட்டால் இறுகாது, பிசுக்கென்று அப்படியே கிடக்கும். சாதாரண ரப்பரில் கந்தகம் உண்டு. அதனால் ரப்பர் கையுறை, பணக்கட்டில் போடுகிற ரப்பர் பேண்டு எதுவும் உள்ளே வரக்கூடாது, பாலித்தீன் உறைதான். தயாளன் சார் இதோடு விடாமல் பூண்டு ஊறுகாய், அவித்த முட்டை எல்லாவற்றையும் முகர்ந்து முகர்ந்தே தடை செய்திருந்தார். பூண்டால் சிலிக்கான் கெட்டுப்போகுமா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் வேலைக்குப் போகிற நாளில் நான் பூண்டு ரசம்கூடச் சாப்பிட்டதில்லை.

கேஸ்கட், டியூப் என்று போய்க்கொண்டிருந்த கம்பெனிக்கு வால் எப்படி வந்தது என்றால், நெடுஞ்சாலையில் ஒரு கேளிக்கைப் பூங்கா திறந்தார்கள். இப்போது அது கோடவுன் ஆகிவிட்டது, பெயர் வேண்டாம். அங்கே பெரிய கண்ணாடித் தொட்டியில் கடல்கன்னி ஷோ. பெண் பிள்ளைகள் வாலை மாட்டிக்கொண்டு தண்ணீருக்குள் நீந்துவார்கள். வெளிநாட்டிலிருந்து வந்த வால். பழுது பார்க்க எங்கள் முதலாளி ஒத்துக்கொண்டுவிட்டார்.

அந்த வாலை முதல் தடவை மேசையில் போட்டபோது எல்லாரும் வேலையை விட்டுவிட்டு வந்து நின்றோம். ஆள் உயரத்துக்கு மேல் நீளம், இரண்டு பேர் தூக்குகிற கனம். இடுப்பிலிருந்து கீழே வரை நீலமும் பச்சையுமாகச் செதில். முடிவில் விசிறி மாதிரி இரண்டு மடலாக விரிந்த துடுப்பு. துடுப்புக்குள் கெட்டியான ஒரு பிளாஸ்டிக் தகடு. தகட்டில் இரண்டு செருப்பு. பாதத்தை அதில் நுழைத்தால் இரண்டு காலும் ஒரே காலாகிவிடும். தானாகக் கழற்றிக்கொண்டு வெளியே வர முடியாது. கரையில் உட்கார வைத்து இன்னொருவர் பிடித்து உருவ வேண்டும். எல்லாரும் செதிலைத் தடவித் தடவிப் பார்த்தார்கள். எனக்கு, உள்ளே இருக்கிற பிள்ளைக்குத் தண்ணிக்குள்ளே ஏதாவது ஒன்று என்றால் என்ன செய்யும் என்றுதான் ஓடியது. வாய்விட்டும் கேட்டேன். "உனக்கு வேற வேலையே இல்லியா மாணிக்கண்ணே" என்றார்கள்.

முதல் கிழிசல் சின்னது. ஒட்டினேன். மறுநாள் ஸ்டிக்கர் மாதிரி உரிந்து வந்துவிட்டது. மறுபடி ஒட்டினேன், மறுபடி உரிந்தது. தயாளன் சார் டீ கிளாசை வைத்தார். "மருந்து தப்பா, கை தப்பா? நீங்களே சொல்லுங்க." நேரே பூங்காவுக்குப் போய், வாலை எப்படிப் போடுகிறார்கள் என்று பார்த்தேன்.

தொட்டியின் மேல்கரையில் ஒரு பெண் உட்கார்ந்து, தொடையிலிருந்து பாதம்வரை தேங்காய் எண்ணெய் பூசிக்கொண்டிருந்தாள். ஜெனிட்டா. தூத்துக்குடிப் பக்கம். அப்பா சங்கு குளிக்கிறவர். ஸ்ரீபெரும்புதூரில் செல்போன் கம்பெனி லைனில் நிற்க வந்தவள், நீச்சல் தெரியும் என்பதால் இங்கே மாறிவிட்டாள்.

"யம்மா, இன்னாது இது?"

"தேங்காண்ணெ அண்ணாச்சி. இது தடவாம காலு உள்ள போவவே மாட்டேங்கு."

"ரப்பரு பூரா எண்ணெயக் குடிச்சிட்டு கீதும்மா. அதான் ஒட்டு நிக்கல."

"ரப்பருக்கும் பசிக்குமோ?" என்று பக்கத்தில் இருந்த பெண்ணைப் பார்த்துச் சிரித்தாள்.

"சோப்புத் தண்ணி போட்டு ஏத்து. வழுக்கும்."

"வழுக்கி விழுந்தா நீங்க வந்து பிடிப்பியளா?"

"வேணாம்மா, வேணாம். ஒக்காந்துகினே போடு. எழுந்து நிக்காத. சுத்தி ஈரம் இல்லாம துடைச்சிக்கோ."

"ஏட்டி, இந்த அண்ணாச்சி எங்கம்மாவ விட பயப்படுதாவ" என்றாள். அன்றிலிருந்து அங்கே எனக்குப் பெயர் பயந்த அண்ணாச்சி.

அதற்கப்புறம் ஒட்டு நின்றது. குமரேசன் கேட்டது இதுதான், எழுதிவிடுகிறேன். பாத்திரம் கழுவுகிற சோப்பில் வாலை உள்ளும் வெளியும் கழுவி ஃபேனுக்கு அடியில் காயப் போட வேண்டும். வெயிலில் போடக்கூடாது. காய்ந்ததும் கிழிசலின் இரண்டு பக்கமும் ஸ்பிரிட்டில் துடைக்க வேண்டும். துணி வழுக்காமல் கிறீச் என்று பிடிக்கிறவரை துடைக்க வேண்டும். கிழிந்த ஓரத்தைப் புது பிளேடால் சாய்வாகச் சீவு. நேராக வெட்டினால் ஒட்டுகிற இடம் குறைவு. சாய்வாகச் சீவினால் ஒன்றன்மேல் ஒன்று படுக்கும். கிழிசல் எங்கே முடிகிறதோ அங்கே தோல் துளை போடுகிற உளியால் ஒரு சின்ன வட்டம் எடு. இல்லாவிட்டால் இன்று ஒட்டினது நாளைக்கு அங்கிருந்து மேலே ஓடும். அப்புறம் கலவை. கலந்ததும் வேக்குவம் டப்பாவில் வைத்தால் பால் மாதிரி பொங்கி அடங்கும். காற்று போய்விட்டது என்று அர்த்தம். கண்ணாடிப் பலகைமேல் துடுப்பை விரித்து, கலவையைத் தடவி, சாக்ஸ் துணி மாதிரி இழுபடும் வலைத்துணியைக் கலவையில் நனைத்துக் கிழிசலுக்குக் குறுக்கே படுக்க வைத்து, மேலே இன்னொரு பூச்சு. பிளாஸ்டிக் தாளால் மூடி, பாரம் வைத்து விட்டுவிடு. சும்மாச் சும்மாத் தூக்கிப் பார்க்காதே. நான் தூக்கிப் பார்ப்பேன், நீ பார்க்காதே. சிலிக்கானுக்குச் சிலிக்கானைத் தவிர வேறெதுவும் ஒட்டாது. கடையில் விற்கிற பசை எதையும் நம்பாதே.

இனி, குமரேசன் சிரித்த அந்தக் கேசு.

2012 கடைசியில் ஜெனிட்டாவின் வால் வேனில் வந்தது. துடுப்பின் இடது மடல், நுனியிலிருந்து உள்தகடுவரை கிழிந்து தொங்கியது. "இந்தத் தடவ வலை போட்டு, எந்தக் காலத்துலயும் கிழியாத மாதிரி வேணுமாம்" என்றார் வேன் டிரைவர். "பொண்ணு வால தரையில இழுத்துகினு நடந்திருக்கும்."

தரையில் இழுத்தால் ஓரம் தேய்ந்திருக்கும். இதில் தேய்மானமே இல்லை. ரப்பர் இழுபட்டு இழுபட்டு வெளுத்துப்போய்க் கிழிந்திருந்தது. எனக்கு அங்கேயே பயம் பிடித்துக்கொண்டது. அளவு பார்க்க வேண்டும் என்று பொய் சொல்லிவிட்டுப் பூங்காவுக்குப் போனேன்.

ஜெனிட்டா தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள். யாரும் பக்கத்தில் இல்லை என்று பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"கீழ தண்ணி உறிஞ்சுத வாயி இருக்குல்லா அண்ணாச்சி, அதுக்கு மேல கம்பி மூடி. அதுல ஒரு கம்பி விட்டுப் போச்சி. துடுப்பு நுனி அதுக்குள்ள போயி, சப்புன்னு பிடிச்சிட்டு. இழுக்கேன், வரல. மேல வாரதுக்கு வழி இல்ல. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு சின்னப் பிள்ள கையக் காட்டிட்டு நிக்கி. நானும் கையக் காட்டுனேன்."

"அந்த நேரத்துல எதுக்கும்மா கை காட்டின?"

"ஷோல்லா அண்ணாச்சி." பிஸ்கட்டை மடித்து வைத்தாள். "அப்பொறம் ஒடம்பச் சுருட்டி, ரெண்டு காலையும் சேத்து ஒதறு ஒதறுன்னு ஒதறுனேன். கண்ணு இருட்டிட்டு. அப்பதான் கிழிஞ்சி வந்துது. மேல வந்து பாத்தா எல்லாரும் கை தட்டுதாவ."

"மேனேஜராண்ட சொன்னியா?"

"சொன்னேன். சாமானப் பாத்துப் பயன்படுத்தணும்ங்காரு. இன்னொரு தடவ கிழிஞ்சா ஊருக்குப் போயிருன்னுட்டாரு. எனக்கு இந்த வேல போவக் கூடாது அண்ணாச்சி. தங்கச்சி மதுரைல நர்சிங் படிக்கா. நீங்க கெட்டியா ஒட்டித் தாங்க. எடம் எனக்குத் தெரிஞ்சிட்டுல்லா, இனி அந்தப் பக்கமே போவ மாட்டேன்."

கிழிந்ததால்தான் இந்தப் பெண் என் எதிரே உட்கார்ந்து பிஸ்கட் தின்கிறது. கிழியாத மாதிரி ஒட்டிக் கொடு என்று அதுவே என்னைக் கேட்கிறது. மெயின்டனன்ஸ் ஆளைத் தேடிப் பிடித்தேன்.

"தொட்டிய காலி பண்ணாதான்பா கம்பி மாத்த முடியும். காலி பண்ணி ரொப்பறதுக்குள்ள ஷோ நின்னுபூடும். சீசன் முடியட்டும்."

"அதுவரிக்கும்?"

"அதுவரிக்கும் நீ நல்லா ஒட்டிக் குடு."

கம்பி போன இடத்துக்கு ஒரு சிலிக்கான் அடைப்பு செய்து தருகிறேன், மேலிருந்தே ஒருவர் முங்கி மாட்டிவிடலாம் என்றேன். மேனேஜரிடம் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். நான் செய்தும் கொண்டுபோனேன். அது அந்த மெயின்டனன்ஸ் ஆளின் மேசைக்கு அடியில் கிடந்ததைக் கடைசிவரை பார்த்தேன்.

தயாளன் சாரிடம் சொன்னேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். டீ கிளாசை வைத்தார்.

"மாணிக்கம், கார் கதவுக்கு நாம ரப்பர் குடுக்கறோம். அந்தக் கார் போய் மரத்துல மோதிச்சுன்னா நம்மளக் கூப்பிட்டுக் கேக்கறாங்களா?"

"இல்ல சார்."

"அப்ப இது யார் பிரச்னை? நீங்களே சொல்லுங்க."

"பூங்காக்காரங்க பிரச்னை சார். ஆனா அந்தப் பொண்ணு..."

"சொல்லிட்டீங்களே. அப்பறம் என்ன ஆனா?" என்று சிரித்தார். "வலை போட்டு ஒட்டலாமா?"

"ஒட்டலாம் சார்" என்று என் வாய்தான் சொன்னது.

இரண்டு நாள் அந்த வாலைக் கழுவினேன், துடைத்தேன், மறுபடி கழுவினேன். கெட்டியாக ஒட்டினால் அவள் செத்துவிடுவாள். லேசாக ஒட்டினால் நீந்தும்போதே கிழிந்து வேலை போய்விடும். சாதாரணமாக நீந்தினால் தாங்க வேண்டும், மாட்டிக்கொண்டு உதறினால் விட்டுவிட வேண்டும். அப்படி ஒரு ஒட்டு யாரும் எனக்குச் சொல்லிக் கொடுத்ததில்லை. ஒட்டு விடாமல் பார்ப்பதுதான் இத்தனை வருஷம் செய்தது.

ஒரு மனுஷன் காலைச் சேர்த்துக் கட்டிக்கொண்டு எவ்வளவு பலமாக உதற முடியும் என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. சாப்பாட்டு நேரத்தில் எல்லாரும் வெளியே போனதும் தரையில் சாக்கு விரித்துப் படுத்தேன். கணுக்காலை வேட்டித் துண்டால் கட்டி, அதில் இழுத்தால் எடை காட்டுகிற ஒரு வில்தராசைக் கோத்து, பிரஸ்ஸின் காலில் மாட்டி உதறிப் பார்த்தேன். கேன்டீன் சரசக்கா மோர் கொடுக்க வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"இன்னா மாணிக்கம், இந்த வயசுல நீ கடல்கன்னி ஆவப் போறியா?"

"இல்லக்கா, இடுப்புப் பிடிப்பு. டாக்டர் சொன்னாரு."

"எந்த டாக்டர்யா அது, ஆளக் கட்டிப் போட்டு வைத்தியம் பாக்கறது?" என்று மோரை வைத்துவிட்டுப் போனாள். சாயங்காலத்துக்குள் கொட்டகை முழுக்கச் சொல்லிவிட்டாள்.

துண்டுச் சிலிக்கான்களை விதவிதமாக ஒட்டி, இழுத்து, முறுக்கிப் பார்த்தேன். ஒரு விஷயம் பிடிபட்டது. ஒட்டு நேராக இழுத்தால் தாங்கும். முறுக்கி உரித்தால்தான் விடும். நீந்தும்போது துடுப்பு மேலும் கீழும் அடிக்கும், மாட்டிக்கொண்டால்தான் முறுக்கிக்கொண்டு உதறும். அதனால் கிழிசலின் ஓரத்தை வெளிப்பக்கம் மட்டும் சாய்வாகச் சீவினேன், உள்பக்கம் நேராக விட்டேன். வலைத்துணியை இரண்டு பக்கத்திலிருந்தும் கொண்டுவந்து, நடுவில் சேராமல் ஒரு விரல் இடைவெளி விட்டேன். மேலே பூச்சு, அதற்குமேல் செதில் நிறம். வெளியே பார்த்தால் ஒன்றுமே தெரியாது. என் வாழ்க்கையில் அவ்வளவு கவனமாக நான் எதையும் ஒட்டியதில்லை.

எங்கள் கம்பெனி வழக்கம், ஒட்டின துடுப்பின் ஒரு பக்கத்தை ஜன்னல் கம்பியில் கட்டி, மறுபக்கத்தை இரண்டு பேர் இழுக்க வேண்டும். நேராகத்தான் இழுப்பார்கள். இழுத்தார்கள். தாங்கியது. தயாளன் சார் வந்து தடவிப் பார்த்தார். "வலை போட்டாச்சா?"

"போட்டாச்சு சார்."

"கிழியாது?"

"நீந்தினா கிழியாது சார்."

அவர் அதை ஒரு பதிலாகவே எடுத்துக்கொண்டார். ஜெனிட்டாவிடம் வாலைக் கொடுத்தபோதும் நான் ஒன்றும் சொல்லவில்லை. அவள் மடலைப் பிடித்து இழுத்துப் பார்த்து, "அண்ணாச்சி கைன்னா கைதான்" என்றாள். எனக்கு அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. சோப்புத் தண்ணிதானே போடுகிறாய் என்று கேட்டுவிட்டு வந்துவிட்டேன்.

காணும் பொங்கல் அன்று பூங்காவில் கால் வைக்க இடமில்லாத கூட்டம். மத்தியான ஷோவில் துடுப்பு கிழிந்துவிட்டது. மடல் தனியாகப் போய்விட்டது. பாதி வாலோடு ஜெனிட்டா மேலே வந்தாள். எனக்கு மறுநாள் கம்பெனிக்குப் போனபோதுதான் தெரியும். மேசைமேல் வால் கிடந்தது, பக்கத்தில் ஒரு பாலித்தீன் கவரில் அந்த மடல். தயாளன் சார் டீ கிளாசோடு நின்றிருந்தார்.

"நீங்களே சொல்லுங்க மாணிக்கம்."

நான் முதலில் மடலை எடுத்துப் பார்த்தேன். கம்பிகளின் தடம் வரிவரியாகப் பதிந்திருந்தது. நடுவில் ஒரு வரி மட்டும் இல்லை. இல்லாத அந்தக் கம்பியின் இடம். அவள் மறுபடியும் அங்கே மாட்டியிருக்கிறாள். மறுபடியும் வெளியே வந்திருக்கிறாள்.

"சார், இது கம்பித் தடம் சார். பாருங்க. தொட்டிக்கு அடியில உறிஞ்சிகினு பிடிச்சிருக்கு. இது விடலன்னா அந்தப் பொண்ணு செத்திருக்கும் சார்."

அவர் மடலை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தார். தடத்தை விரலால் தடவினார். பார்த்தார், அவருக்குத் தெரிந்தது. எனக்குச் சந்தேகமே இல்லை. பிறகு மேசைமேல் வைத்தார்.

"தடம் இருக்கட்டும். ஒட்டு ஏன் விட்டுச்சு?"

நான் மடலைக் கவருக்குள் திரும்ப வைத்தேன்.

"கிழியாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

ஜெனிட்டாவை ஷோ நடந்த அன்று சாயங்காலமே கணக்கு முடித்து அனுப்பிவிட்டார்களாம். இரண்டு தடவை சாமானைப் பாழாக்கினவள் என்று. வேன் டிரைவர்தான் சொன்னார். ஊருக்குப் பஸ் ஏறிவிட்டது என்றார்.

என்னை மறுபடி பிசிறு நறுக்குகிற இடத்தில் உட்கார வைத்தார்கள். பதிமூன்று வயதில் எங்கே ஆரம்பித்தேனோ அதே வேலை. யாரும் என்னைத் திட்டவில்லை. அதற்குப் பதிலாக ஒரு வார்த்தை கண்டுபிடித்தார்கள். கேன்டீனில் நாற்காலிக் கால் உடைந்தால், "மாணிக்கம் ஒட்டா இது?" யாருக்காவது நிச்சயம் செய்த கல்யாணம் நின்றால், "மாணிக்கம் ஒட்டு போட்டிருப்பாங்க." சரசக்காவின் கரண்டிப் பிடி கையோடு வந்தபோது அவளும் சொன்னாள், நான் எதிரே உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். குமரேசன் போனில் சிரித்தது அதற்குத்தான். நான் ஏன் அப்படி ஒட்டினேன் என்று யாரிடமும் சொல்லவில்லை. வேணும்னே செய்தான் என்று தெரிந்தால் வெளியே அனுப்பிவிடுவார்கள். வேலை தெரியாதவன் என்றால் பிசிறு நறுக்கலாம்.

பூங்காவுக்குப் புது வால் வந்தது. துடுப்பு முழுக்க வலைத்துணி, இரண்டு பங்கு தடிமன். அதை எங்கள் கொட்டகையில் கட்டி இழுத்துப் பார்த்தார்கள். நேராக இழுத்தார்கள், முறுக்கியும் இழுத்தார்கள். ஜன்னல் கம்பி வளைந்துவிட்டது, துடுப்பு அசையவில்லை. எல்லாரும் கை தட்டினார்கள். நான் தயாளன் சாரிடம் போய், கம்பி மாற்றிவிட்டார்களா என்று கேட்டேன். "மாத்தியிருப்பாங்க" என்றார். அவர் வாயிலிருந்து நேராக வந்த பதில் அது ஒன்றுதான், அதுவும் அப்படி.

என் மனைவியைக் கூட்டிக்கொண்டு டிக்கெட் எடுத்துப் போய்ப் பார்த்தேன். உறிஞ்சுகிற வாய்க்கு முன்னால் பைபரில் செய்த பவழப் பாறை ஒன்றை வைத்து மறைத்திருந்தார்கள். பின்னால் கம்பி இருக்கிறதா இல்லையா என்று தெரியவில்லை. வேறு ஒரு பெண், வடகிழக்கு மாநிலத்துப் பிள்ளை, சிரித்துக்கொண்டே பாறையைச் சுற்றிச் சுற்றி வந்தது. "அழகா கீதுல்ல?" என்றாள் என் மனைவி. நான் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்தப் பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. பூங்காவை மூடுகிறவரை யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இதை எத்தனை பேர் எனக்குச் சொல்லிக்காட்டினார்கள். "ஒண்ணும் ஆவல பாத்தியா, நீதான் சும்மா பயந்த." ஒன்றும் ஆகாததற்குச் சந்தோஷப்படத்தான் வேண்டும். சந்தோஷம்தான். ஆனால் அதற்கப்புறம் என் பயத்துக்கு மரியாதையே இல்லாமல் போய்விட்டது.

2015இல் ஓய்வு பெற்றேன். மாலை போட்டார்கள், தயாளன் சார் நான்கு வார்த்தை நல்லபடியாகப் பேசினார். நேரம் தவறாதவர், பூண்டு சாப்பிடாதவர் என்றார். தொழிலைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

அதற்கப்புறம் ஒரு நாள், எந்த நம்பரோ என்று எடுத்தேன்.

"பயந்த அண்ணாச்சியா?"

குரல் தெரிந்துவிட்டது. தூத்துக்குடியில் இறால் பேக்கிங் கம்பெனியில் இருக்கிறாளாம். காலெல்லாம் ஐஸ் தண்ணியில் நின்று மரத்துப் போகிறதாம். தங்கச்சி படிப்பு பாதியில் நின்று, கல்யாணம் செய்து கொடுத்துவிட்டார்களாம். வேன் டிரைவர் எங்கோ பார்த்து நம்பர் கொடுத்து, மாணிக்கம் ஒட்டுக் கதையையும் சிரிக்கச் சிரிக்கச் சொல்லியிருக்கிறார்.

"ஒண்ணு கேக்கணும்னு ரொம்ப நாளா நெனைச்சிட்டு இருந்தேன் அண்ணாச்சி. மொத தடவ மாட்டுனப்ப உசுரு போற மாதிரி ஒதறுனேன். ரெண்டாவது தடவ கூட்டத்துல தண்ணி வேகமா இழுத்து அதே எடத்துல கொண்டு விட்டுட்டு. ஒரே ஒரு ஒதறு. பழத் தோலு மாதிரி உரிஞ்சி வந்துட்டு. வேணும்னுதான அப்பிடி ஒட்டுனீய?"

"ஆமாம்மா."



"அதுல என் வேல போவும்னு ஒங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"என்ட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லா?"

"கேட்டிருந்தா இன்னா சொல்லியிருப்ப?"

"கெட்டியா ஒட்டச் சொல்லியிருப்பேன்."

"அதனாலதாம்மா கேக்கல."

"உசுரு என்னுது அண்ணாச்சி" என்றாள். "ஒட்டு மட்டுந்தான் ஒங்களுது."

போனை வைத்துவிட்டாள். நான் திரும்ப அழைக்கவில்லை. அவள் சொன்னதில் தப்பு இல்லை. ஆனால் அந்த வால் இன்றைக்கு என் முன்னால் வந்தாலும், நடுவில் ஒரு விரல் இடைவெளி விட்டுத்தான் ஒட்டுவேன். அப்போதும் அவளிடம் கேட்கமாட்டேன்.